காய்ச்சலுக்குக் கட்டணம், பசிக்கு அறிவுரை

மெலிந்த குழந்தையைப் பார்த்து 'சோமாலியா' என்று கேலி செய்யும் வழக்கம் இந்திய வீடுகளிலும் பள்ளிகளிலும் இன்னும் ஒழியவில்லை. ஒரு நாட்டின் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. 2016-ஆம் ஆண்டுக் கேரளத் தேர்தல் பரப்புரையில், அம்மாநிலப் பழங்குடியினரிடையே நிகழும் குழந்தை இறப்பைச் சோமாலியாவோடு ஒப்பிட்டுப் பிரதமர் பேசினார். கேரளம் கொதித்தெழுந்தது. மாநிலத்தின் மானம் குறித்து நாட்கணக்கில் வாதம் நடந்தது; சமூக ஊடகங்களில் நையாண்டி குவிந்தது; கேரளம் சோமாலியா இல்லை என்பதை நிறுவப் புள்ளிவிவரங்கள் அடுக்கப்பட்டன. அவ்வளவு பெரிய விவாதத்தில் ஏறக்குறைய எங்கும் எழாத கேள்வி ஒன்று உண்டு: சோமாலியக் குழந்தை ஏன் சாகிறது?

விடை ஏற்கெனவே தெரியும் என்ற நம்பிக்கையால்தான் அக்கேள்வி எழவில்லை. ஆப்பிரிக்கா என்றால் வெயில், கொசு, பஞ்சம், படிப்பறிவற்ற தாய், வீடு நிறையப் பிள்ளைகள். இந்தச் சித்திரத்தில் குழந்தையின் சாவு, பருவமழை பொய்ப்பதைப் போல ஓர் இயற்கை நிகழ்ச்சியாகிவிடுகிறது. இரங்கலாம், நன்கொடை அனுப்பலாம். எவரையும் பொறுப்பாக்க வேண்டிய தேவை எழாது. அந்தச் சித்திரம் பொய் என்பதற்குச் சான்றுகள் ஏராளம். அவற்றுள் முதன்மையானதை ஒரு நோயிலிருந்தே தொடங்கலாம்.

நோமா என்பது அந்நோயின் பெயர். பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் ஈறில் சிறு புண்ணாகத் தொடங்கும். சில நாட்களுக்குள் கன்னம், உதடு, மூக்கு என முகத்தை எலும்போடு சேர்த்து அரித்துவிடும். சிகிச்சை கிடைக்காத குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் வரை இறந்துபோகின்றனர். பிழைக்கும் குழந்தை, பேசவும் மெல்லவும் இயலாத சிதைந்த முகத்தோடு ஊரார் கண்ணில் படாமல் வளர்க்கப்படுகிறது. சகாராவின் தென்விளிம்பை ஒட்டிய சாஹேல் நிலப்பரப்பில் இந்நோய் இன்றும் மிகுதி. தொடக்கத்திலேயே கண்டறிந்தால், சாதாரண ஆன்டிபயாட்டிக் மருந்தும் வாயைத் தூய்மையாக வைத்திருப்பதும் சத்துள்ள உணவும் போதும். குழந்தை முழுமையாகக் குணமடையும்.

இதே நோய் ஒருகாலத்தில் ஐரோப்பியக் குழந்தைகளின் முகங்களையும் தின்றது. பென்சிலின் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, மக்களின் உணவும் உறைவிடமும் மேம்பட்டபோது, அது ஐரோப்பாவிலிருந்து தானாக மறைந்தது. பின்னர் அது அங்கே மீண்டும் தலைகாட்டிய இடம் நாஜிகளின் வதைமுகாம்கள். தட்பவெப்பம் மாறவில்லை, மக்களின் உடற்கூறு மாறவில்லை. உணவு பறிக்கப்பட்டது, நோய் திரும்பியது. மருத்துவ உலகம் நோமாவை 'வறுமையின் முகம்' என்றழைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததோ 2023 டிசம்பரில்தான். புறக்கணிக்கப்பட்டவற்றின் பட்டியலில் இடம்பெறுவதற்கே இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

நோமா ஓர் அரிய நோய்தான். ஆனால் அது சொல்லும் உண்மை அரிதன்று. 2022-ஆம் ஆண்டில் ஐந்து வயதை எட்டாமல் உலகெங்கும் இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 49 இலட்சம் என ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் கணக்கிட்டன. அவர்களுள் சுமார் 28 இலட்சம் பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். அங்கே உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 70 பேர் ஐந்தாம் பிறந்தநாளைக் காண்பதில்லை. மேற்கு ஐரோப்பாவில் அந்த எண்ணிக்கை ஐந்தைக்கூடத் தொடுவதில்லை. பதிவேடுகளில் காரணங்களாக எழுதப்படுபவை நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா, மகப்பேற்றுக் காலச் சிக்கல்கள். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மருந்தோ தடுப்புமுறையோ பல பத்தாண்டுகளாகவே உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்புகளில் ஏறத்தாழப் பாதியில் ஊட்டச்சத்துக் குறைபாடு உடன்காரணமாக இருக்கிறது என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. பதிவேட்டில் நோயின் பெயர் இருக்கிறது. அந்த நோயைத் தாங்க முடியாத அளவுக்கு அவ்வுடல் ஏன் நலிந்திருந்தது என்பது இல்லை.

இதற்குக் காரணமாக வழக்கமாகச் சொல்லப்படுபவை மூன்று.

முதலாவது, மண்ணும் வெயிலும். கொசுவும் கிருமியும் நிறைந்த நிலத்தில் குழந்தைகள் சாவது இயல்பு என்கிறார்கள். மலேரியா ஆப்பிரிக்காவின் தனிச்சொத்து அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் மலேரியாவை ஒழித்தது 1951-இல். இத்தாலி மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது 1970-இல். பணமும் வடிகாலும் மருந்தும் சென்ற இடத்திலிருந்து நோய் வெளியேறியது. இன்று உலகில் மலேரியாவால் இறப்போருள் ஏறத்தாழ 95 சதவீதத்தினர் ஆப்பிரிக்கர்கள். அவர்களிலும் நான்கில் மூவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஒரே நாட்டுக்குள் நிலவும் வேறுபாட்டை நோக்கினால் இவ்வாதம் முற்றாகச் சரிகிறது. நைஜீரியாவின் 2018-ஆம் ஆண்டு மக்கள்தொகை நலவாழ்வு ஆய்வின்படி, மிக வறிய ஐந்திலொரு பங்குக் குடும்பங்களில் ஆயிரத்துக்கு 173 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்தனர்; மிகச் செல்வம் படைத்த ஐந்திலொரு பங்கில் 53. அதே நாடு, அதே அரசு, அதே கொசு. வேறுபட்டது வீட்டிலிருந்த பணம்.

இரண்டாவது, தாயின் அறியாமை. இந்தக் குற்றச்சாட்டு மிகப் பழையது, மிகக் கொடியதும்கூட. 1930-களில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் பணியாற்றினார். வயிறும் காலும் வீங்கி, தலைமுடி செம்பட்டையாகி, தோல் உரிந்து இறந்துகொண்டிருந்த குழந்தைகளைக் கண்டார். அவர் உள்ளூர்த் தாய்மாரைக் கேட்டார். அவர்கள் அந்நோய்க்குத் தம் 'கா' மொழியில் ஏற்கெனவே பெயர் வைத்திருந்தனர்: குவாஷியார்கர். அடுத்த குழந்தை பிறந்ததும், தாய்ப்பாலிலிருந்து விலக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நோயின் காரணம் பெயரிலேயே இருந்தது. தாய்ப்பால் நின்ற குழந்தைக்கு ஊட்டப் புரதம் நிறைந்த வேறு உணவு வீட்டில் இல்லை என்பதை அந்தத் தாய்மார் அறிந்திருந்தனர். மருத்துவ நூல்கள் அந்த அறிவை அவர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டன. அறியாதவர்கள் என்ற பட்டம் மட்டும் அவர்களுக்கே எஞ்சியது.

அறியாமையை உண்மையில் விதைத்தவர் யார் என்பதையும் அதே மருத்துவர் சொன்னார். 1939-இல் சிங்கப்பூரில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் ஆற்றிய உரையில், தாய்ப்பாலுக்கு மாற்றாக டப்பாப் பாலை விற்கும் பரப்புரையைக் கொலைக்கு நிகராகச் சாடினார். பிற்காலத்தில் ஆப்பிரிக்காவிலும் அதுவே நடந்தது. செவிலியர் உடையணிந்த விற்பனைப் பெண்கள் மகப்பேற்று விடுதிகளுக்குள் சென்று பால் மாவு டப்பாக்களை வழங்கினர். டப்பா தீர்வதற்குள் தாய்ப்பால் வற்றியது. அடுத்த டப்பா வாங்கப் பணமில்லாத தாய், மாவைக் குறைத்து நீரைக் கூட்டினாள். அந்த நீரும் தூய்மையானதன்று. கொதிக்க வைக்க விறகும் போதாது. 1974-இல் பிரிட்டனின் 'வார் ஆன் வான்ட்' அமைப்பு இதை அம்பலப்படுத்தியது. 1981-இல்தான் தாய்ப்பால் மாற்றுணவு விற்பனைக்குரிய பன்னாட்டு நெறிமுறை வந்தது. மாவைக் குறைத்தவளை அறியாமை மிக்கவள் என்று எழுதியவர்கள், அவளுடைய கைப்பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்றாவது, பிள்ளைப்பேறு. 'பெற்றுத் தள்ளுகிறார்கள், அதனால் சாகிறார்கள்' என்ற வாதம் காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றி வைக்கிறது. பிறக்கும் பிள்ளைகள் பிழைப்பார்கள் என்ற உறுதி உண்டான பிறகே குடும்பங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கின்றன; உலகின் பெரும்பகுதியில் நடந்தது அதுவே. மலாவி உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று. 1990-இல் அங்கே ஆயிரத்துக்கு 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்தனர். இன்று அது ஏறத்தாழ 40. இனப்படுகொலையால் சிதைந்துபோன ருவாண்டாவும் ஏறத்தாழ அதே நிலையை எட்டியிருக்கிறது. எத்தியோப்பியா 2003 முதல் பல்லாயிரம் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, சம்பளம் கொடுத்து, ஊர்தோறும் நலவாழ்வுப் பணியாளராக அமர்த்தியது. குழந்தை இறப்பை மூன்றில் இரு பங்கு குறைக்கும் ஐ.நா. இலக்கைக் காலக்கெடுவுக்கு முன்பே எட்டியது. இந்நாடுகளின் தாய்மார் திடீரென அறிவாளிகளாகிவிடவில்லை. நடந்து சென்றடையும் தொலைவில், பணம் கேட்காத ஒரு மருத்துவப் பணியாளர் வந்து அமர்ந்தார்.

எனவே கேள்வி, வறுமை ஒரு குழந்தையின் உடலுக்குள் எவ்வழியாக நுழைகிறது என்பதே. வழிகள் மிகச் சாதாரணமானவை. எரிவாயு வாங்க இயலாத வீட்டில் விறகும் கரியும் எரிகின்றன. தாயின் முதுகில் கட்டப்பட்ட குழந்தை அப்புகையைச் சுவாசிக்கிறது. 2020-இல் மட்டும் வீட்டு அடுப்புப் புகையால் உலகில் இறந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2,37,000-க்கும் மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. குழாய் இல்லாத ஊரில் குட்டையின் நீர் குடிநீராகிறது. வயிற்றுப்போக்கு அடிக்கடி வருகிறது. ஒவ்வொரு முறையும் குழந்தை தின்ற சிறிதளவு உணவும் உடலில் ஒட்டாமல் போகிறது. அடுத்த காய்ச்சலை எதிர்க்க வலுவில்லை.

அந்தக் காய்ச்சல் வரும் இரவில் ஒரு குடும்பம் கணக்குப் போடுகிறது. மருத்துவ நிலையம் பல மைல்களுக்கு அப்பால். மோட்டார் சைக்கிள் வாடகை எவ்வளவு, பதிவுச் சீட்டுக்கு எவ்வளவு, பரிசோதனைக்கு எவ்வளவு, மருந்து அங்கே இருக்குமா, வெளியே வாங்க வேண்டுமா, ஒரு நாள் கூலி போனால் மற்ற பிள்ளைகளுக்கு உலை எப்படிக் கொதிக்கும். 'காலை வரை பார்ப்போம்' என்று முடிவு செய்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பரவலாக உள்ள ஃபால்சிபாரம் வகை மலேரியா, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஒரு குழந்தையை உயிராபத்துக்குத் தள்ளவல்லது. அந்தக் காத்திருப்பே கொல்கிறது. காத்திருந்தவர்கள் அன்பில்லாதவர்களா? அவர்கள் செய்தது பணமில்லாத எவரும் செய்யும் கணக்கு.

வறுமை நேரடியாக நஞ்சூட்டும் இடங்களும் உண்டு. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை ஏறியபோது, நைஜீரியாவின் ஜம்ஃபாரா மாநிலத்துக் கிராமத்தினர் தங்கத் தாதுக் கற்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, தானியம் அரைக்கும் எந்திரங்களிலேயே அரைத்தனர். அக்கற்களில் காரீயம் மிகுந்திருந்தது. தூசு முற்றத்திலும் கிணற்றடியிலும் சோற்றிலும் படிந்தது. 2010-இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே சென்றபோது ஊர்களில் குழந்தைகள் வலிப்பு கண்டு இறந்துகொண்டிருந்தனர். 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். பாகேகா என்ற ஊரின் மண்ணைத் தூய்மைப்படுத்தும் வேலை, அரசின் பணம் வந்து சேராததால், 2013 வரை தள்ளிப்போனது. தங்கம் ஆண்டு முழுதும் சந்தைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

இத்தகைய குடும்பங்கள் நிறைந்த நாடுகளில்தான் நோயாளியிடம் கட்டணம் வசூலிக்கும் கொள்கை புகுத்தப்பட்டது. 1980-களில் கடனில் மூழ்கிய ஆப்பிரிக்க அரசுகளுக்குப் பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் விதித்த நிபந்தனைகளின் பொதுப்பெயர் 'கட்டமைப்புச் சீரமைப்பு'. அரசுச் செலவைக் குறை, மானியத்தை வெட்டு, சேவைக்குக் கட்டணம் வாங்கு. 1987-இல் உலக வங்கி வெளியிட்ட மருத்துவ நிதியறிக்கை, நோயாளிக் கட்டணத்தைச் சீர்திருத்தத்தின் முதற்படியாக வைத்தது. அதே ஆண்டு மாலியின் பமாக்கோ நகரில் கூடிய ஆப்பிரிக்க நலவாழ்வு அமைச்சர்கள், மருந்தை விற்று அந்தப் பணத்தில் நிலையங்களை நடத்தும் திட்டத்தை ஏற்றனர். கானாவில் அதற்கு முன்பே வந்துவிட்ட இம்முறைக்கு 'கேஷ் அண்ட் கேரி' என்ற பெயரே நிலைத்தது: காசைக் கொடு, மருந்தை எடுத்துப் போ. இதே 1987-இல், இச்சீரமைப்பு குழந்தைகளின் உடலைக் காயப்படுத்துகிறது என்று யூனிசெஃப் சார்பில் வெளிவந்த ஆய்வே எச்சரித்தது. எச்சரிக்கை நூலகத்துக்குப் போனது. கட்டணம் மருத்துவமனைக்குப் போனது.

விளைவுகள் ஆவணங்களில் உள்ளன. புருண்டியில் கட்டணம் செலுத்த முடியாத நோயாளிகள், அவர்களுள் பிரசவித்த தாய்மாரும், மருத்துவமனைகளிலேயே பிடித்து வைக்கப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2006-இல் வெளியிட்டது. கென்யாவில் பிரசவக் கட்டணப் பாக்கிக்காகத் தாய்மாரை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் முதல் முகவரி, கடனுக்குப் பிணை வைக்கப்பட்ட ஒரு கட்டில்.

'இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது, மக்கள் வீணடிப்பார்கள்' என்பது கட்டணத்தை ஆதரிப்போரின் வாதம். இலவசம் குறித்த இந்தியத் தொலைக்காட்சி விவாதங்களைக் கேட்டவருக்கு இது புதிதாக இராது. கென்யாவில் இவ்வாதம் களத்தில் சோதிக்கப்பட்டது. பேறுகாலச் சோதனைக்கு வந்த பெண்களுக்குக் கொசுவலையை இலவசமாகக் கொடுத்தபோது ஏறக்குறைய எல்லாரும் வாங்கினர். சுமார் 60 சென்ட் விலை வைத்ததும் வாங்குவோர் 60 சதவீதப் புள்ளிகள் குறைந்தனர். இலவசமாகப் பெற்றவர்கள் வலையைப் பயன்படுத்துவதில் விலை கொடுத்தவர்களுக்குச் சிறிதும் பின்தங்கவில்லை. பள்ளிக் குழந்தைகளுக்கான குடற்புழு மாத்திரைக்குச் சிறு கட்டணம் விதித்தபோதும், பெறுவோர் 75 சதவீதத்திலிருந்து 20-க்கும் கீழே சரிந்தனர். அறுபது சென்ட் அறிஞர் அவையில் ஒரு பொருட்டில்லை. நாளொன்றுக்கு இரண்டு டாலரில் வாழும் வீட்டில் அது ஒரு வேளைச் சோறு.

கட்டணம் நீக்கப்பட்ட இடங்களில் நடந்ததும் தெளிவு. தென்னாப்பிரிக்காவில் 1994-இல் ஆட்சிக்கு வந்த மண்டேலாவின் அரசு எடுத்த முதல் முடிவுகளுள் ஒன்று, கருவுற்ற பெண்களுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம். உகாண்டா 2001-இல் அரசு நிலையங்களில் கட்டணத்தை ஒழித்தது. நோயாளிகளின் வருகை பெருகியது, ஏழைகளிடையே மிகுதியாகப் பெருகியது. சியரா லியோன் 2010-இல் கருவுற்ற, பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கட்டணத்தை நீக்கியது. இத்திட்டங்களில் குறைகள் இருந்தன. உகாண்டாவில் மருந்து கையிருப்பு அடிக்கடி தீர்ந்துபோய், ஏழைகள் வெளிக்கடைகளில் வாங்க நேர்ந்தது. கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது, மருந்துக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பதே அதன் பாடம். கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவர அது சான்றாகாது.

வறுமைக்கும் குழந்தைச் சாவுக்கும் இடையிலான உறவை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிய ஆய்வொன்று 2025-இல் வெளியானது. மேற்குக் கென்யாவின் சியாயா பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 1,000 டாலர், எந்த நிபந்தனையுமின்றி ஒரு தொண்டு நிறுவனம் வழங்கியிருந்தது. உடல்நலப் பாடம் நடத்தப்படவில்லை, மருந்தும் கொடுக்கப்படவில்லை. எந்த ஊருக்குப் பணம் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டதால் ஒப்பீடு நேர்மையானது. பணம் பெற்ற குடும்பங்களில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 48 சதவீதமும் ஐந்து வயதுக்குட்பட்டோரின் இறப்பு 45 சதவீதமும் குறைந்திருந்தன. கருவுற்ற பெண்கள் இறுதி மாதங்களில் கூலி வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டனர், நன்றாக உண்டனர், மருத்துவமனையில் பிரசவித்தனர். அறியாமை மிக்கவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்ட அதே தாய்மார், கையில் பணம் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதை எவரும் சொல்லாமலே செய்தனர்.

அந்த ஆய்வின் மற்ற இரு முடிவுகளும் கவனிக்கத்தக்கவை. மருத்துவர் உள்ள நிலையங்களுக்கு அருகில் வாழ்ந்த குடும்பங்களில்தான் பயன் மிகுதி. பணம் நின்ற பிறகு இறப்பு விகிதம் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பியது. அதாவது வீட்டில் பணமும் வேண்டும், அருகில் மருத்துவமும் வேண்டும். இரண்டும் தொடர்ந்து வேண்டும். ஒருமுறை வழங்கும் கொடை ஒரு பிரசவத்தைக் காக்கும். அடுத்த பிரசவத்தைக் காக்க ஓர் அரசு வேண்டும்.

அந்த அரசின் கையில் ஏன் பணமில்லை? ஆப்பிரிக்க ஆட்சியாளர்களின் ஊழல் என்ற விடை உடனே வரும். அது பொய்யன்று. தத்தம் வரவுசெலவில் 15 சதவீதத்தை நலவாழ்வுக்கு ஒதுக்குவோம் என்று 2001-இல் அபுஜாவில் உறுதியளித்த அரசுகளுள் அதைத் தொடர்ந்து நிறைவேற்றியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. எண்ணெய்ப் பணத்தில் மாளிகை கட்டிய தலைவர்களை மன்னிக்க எந்த நியாயமும் இல்லை. ஆனால் களவுபோன பணத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. தாபோ உம்பெக்கி தலைமையிலான உயர்நிலைக் குழு 2015-இல் கூறியபடி, ஆப்பிரிக்காவிலிருந்து ஆண்டுக்கு 50 பில்லியன் டாலருக்கு மேல் முறைகேடாக வெளியேறுகிறது. அரை நூற்றாண்டில் அவ்வாறு வெளியேறிய தொகை, அதே காலத்தில் உள்ளே வந்த உதவித்தொகைக்கு ஏறத்தாழச் சமம். வெளியேற்றத்தின் பெரும்பங்கு, விலைச்சீட்டைத் திரிக்கும் பன்னாட்டு வணிகத்தின் வழியே நடக்கிறது. அப்பணம் போய்ச் சேரும் வங்கிகள் ஆப்பிரிக்காவில் இல்லை. நலவாழ்வுக்கோ கல்விக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு மிகுதியாகச் செலவிடும் நாடுகளில் உலகின் 330 கோடி மக்கள் வாழ்கின்றனர் என்று ஐ.நா. 2023-இல் கணக்கிட்டது. குழந்தைக்குப் போக வேண்டிய பணம் கடன்காரருக்குப் போகிறது. அந்தக் கடன்காரரே பிறகு கொடையாளராகவும் வருகிறார்.

கொடையை நம்பியிருப்பதன் ஆபத்தும் இப்போது வெளிப்பட்டுவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியது, ஜூலையில் யு.எஸ்.எய்ட் அமைப்பே மூடப்பட்டது. இந்த வெட்டுகள் நீடித்தால் 2030-க்குள் உலகில் கூடுதலாக 1.4 கோடிப் பேர் இறக்கக்கூடும், அவர்களுள் 45 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் என்று லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அயல்நாட்டுத் தேர்தல் முடிவு ஒன்று கிராமத்துக் குழந்தையின் மருந்தை நிறுத்தவல்லது என்றால், அந்தக் குழந்தைக்கு இதுவரை உரிமையாக எதுவும் கொடுக்கப்படவில்லை என்றே பொருள்.

இந்தியா இந்தக் கதையில் வெறும் பார்வையாளர் அன்று. அதற்கு இங்கே இரண்டு முகங்கள் உண்டு. 2001 பிப்ரவரியில், எய்ட்ஸ் நோய்க்கான மும்மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர இந்தியாவின் சிப்லா நிறுவனம் முன்வந்தது. மேலைநாட்டு நிறுவனங்கள் அதற்கு 10,000 டாலருக்கும் மேல் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. மலிவான மருந்துக்கு வழிசெய்யும் தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்கு எதிராக 39 மருந்து நிறுவனங்கள் தொடுத்திருந்த வழக்கு, உலகளாவிய கண்டனத்தால் அதே ஆண்டு ஏப்ரலில் கைவிடப்பட்டது. இந்தியத் தொழிற்சாலைகளில் உருவான மருந்தால் இலட்சக்கணக்கான ஆப்பிரிக்கத் தாய்மாரும் குழந்தைகளும் இன்று உயிர் வாழ்கின்றனர். இந்தியர் பெருமைப்படத்தக்க செய்தி இது.

மற்ற முகம் 2022-இல் தெரிந்தது. காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள், பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள், சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். ஹரியானாவில் தயாரான நான்கு சிரப்புகளில் டைஎத்திலீன் கிளைகால், எத்திலீன் கிளைகால் ஆகிய நச்சுப் பொருள்கள் ஏற்க முடியாத அளவில் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் அக்டோபரில் எச்சரித்தது. இந்திய அரசு, தன் சோதனையில் குறை இல்லை என்று மறுத்தது. இறந்த குழந்தைகளின் நாட்டில் அப்போது மருந்தைச் சோதிக்கும் ஆய்வகமே இல்லை. சோதித்துப் பார்க்க வசதியில்லாத நாட்டுக்குச் சோதிக்காத சரக்கு போகும் என்பது சந்தையின் இயல்பு. அதைத் தடுக்கும் பொறுப்பு, சரக்கை அனுப்பும் நாட்டுக்கு உரியது. அப்பொறுப்பு தட்டிக்கழிக்கப்பட்டதன் விலையை 2025-இல் இந்தியக் குழந்தைகளே கொடுத்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் அதே முறையில், அதே நஞ்சால் இறந்தனர். காம்பியத் தாயின் அழுகையை உரிய காலத்தில் கேட்டிருந்தால், சிந்த்வாராவின் தாய் அழ நேர்ந்திராது.

2023-இல் புதுதில்லியில் நடந்த மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி20 அமைப்பின் உறுப்பினரானது. உலகின் தென்பகுதிக்குத் தானே குரல் என்று இந்தியா பெருமிதம் கொண்டது. அந்தக் குரல் இனிப் பேச வேண்டியவை எளியவை. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு தொகுதி மருந்தும், தலைநகரில் குடிப்பதற்குரிய அதே கண்டிப்போடு சோதிக்கப்பட வேண்டும். கடன் மறுசீரமைப்புப் பேச்சுகளில், வட்டிக்கு முன் தடுப்பூசி என்ற வரிசையை இந்தியா வலியுறுத்த வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையிடம் எந்த நாட்டு மருத்துவமனையும் கட்டணம் கேட்கக் கூடாது என்பதையும், அதனால் ஏற்படும் செலவை ஈடுகட்டும் வரிப்பணம் அயல்வங்கிகளுக்கு ஓடுவதைத் தடுக்க வேண்டும் என்பதையும் எல்லா அவைகளிலும் சொல்ல வேண்டும். இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மலாவியும் ருவாண்டாவும் எத்தியோப்பியாவும் பாதி வழியை ஏற்கெனவே நடந்து காட்டிவிட்டன.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு குழந்தையை 'சோமாலியா' என்று கேலி செய்பவர், தாம் யாரைக் கேலி செய்கிறோம் என்று ஒரு கணம் நிதானிக்கலாம். அங்குள்ள தாயும் தன் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, விடியும் வரை காத்திருக்கலாமா என்று கணக்குப் போடுகிறாள். அந்தக் கணக்கில் அவள் பிழை செய்யவில்லை. பிழை, அவளைக் கணக்குப் போட வைத்தவர்களுடையது.